அனலைதீவு: வீட்டுத்தோட்டமும் கூட்டெருவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே, ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய சிறு தீவாகிய அனலைதீவில், ஆறென்று ஒன்றின்மையால், சுண்ணாம்புக்கற் படையினுள் உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதந்துநிற்கும் மழைநீரே கிணற்றுக்கும் பயிருக்கும் ஆதாரமாகும். வடகீழ்ப் பருவமழையின் கொடையாகிய அந்நீரை அளவுக்கு மிஞ்சி இறைப்பின் உவர் மேலெழும்; மிகையாக இட்ட இரசாயனப் பசளையின் நைத்திரேற்றோ விரைந்து கீழிறங்கிக் குடிநீரையே மாசுபடுத்தும். ஆதலின் சேதனப் பசளையின் அவசியம் பிற இடங்களினும் இத்தகைய தீவுகளிலேயே அதிகம்.

கூட்டெரு ஆக்குதற்கு, வேலியில் வெட்டிய பூவரசு, கிளுவைக் குழைகளையும் ஆட்டுப் புழுக்கை, மாட்டுச் சாணம், அடுக்களைக் கழிவு என்பவற்றையும் உலர்ந்த சருகுடன் மாறிமாறி அடுக்கி, ஈரங் குன்றாது கிடுகினால் மூடி, இடையிடையே புரட்டுதல் வேண்டும். காபனும் நைதரசனும் ஏறக்குறைய 30க்கு 1 என்னும் விகிதத்தில் அமையின், நுண்ணுயிர்களின் கிரியையால் குவியலின் உள்வெப்பம் 55 பாகை செல்சியசைக் கடந்து, களைவித்துக்களும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழிந்தொழியும். சாம்பலைத் தாராளமாகச் சேர்ப்பாருமுளர். சுண்ணாம்பு மிகுந்த மண்ணுக்கு அது தகாது. குடாநாட்டார் கையாளும் ஓலை தாழ்த்தலோ இன்னும் எளிது: மண்ணிற் புதைத்த பனையோலை மெல்ல உக்கி, ஈரத்தையுங் காக்கும்.

2021 ஆம் ஆண்டில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, போதிய சேதனப் பசளையின்றி விளைச்சல் குன்றவே, நவம்பரில் அத்தடையைத் தளர்த்திற்று. வீட்டளவிலோ சேதனப் பசளை முறை இடர்ப்பாடின்றி இயலும்; வளவு உவராயின், வெயில் படும் சாளரத்தருகே அடியில் துளையிட்ட சாடிகளில் கூட்டெருவும் மண்ணும் கலந்து நிரப்பிக் கீரையும் பச்சைமிளகாயும் வளர்க்கலாம்.