ஆமி அப்பாவின் ஜனாஸாவும் நாம் மறந்துபோன ரைபிள் பட்டாளமும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கடந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஆமி அப்பாவை எங்கள் மையவாடியில் நல்லடக்கம் செய்தோம். ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். குடும்பத்தார் விரும்பாததால் பெயரை இங்கே போடவில்லை. 1963இல் இராணுவத்தில் சேர்ந்து, 22 வருடம் சேவை செய்து, 1985இல் பென்ஷனோடு வந்தவர். அதன் பிறகு பள்ளிவாசல் ஹவுளுக்குத் தண்ணீர் நிரப்புவதும், சுபஹுக்கு முதல் ஆளாக வந்து கதவைத் திறப்பதும்தான் அவருடைய வேலை.

ஜனாஸா வீட்டில் ஒரு சின்னப் பிரச்சினை வந்தது. அவரோடு சேவையில் இருந்த ஓய்வுபெற்ற சிங்களச் சகோதரர்கள் ஏழெட்டுப் பேர் பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள். கையில் தேசியக் கொடி. சந்தூக்கின் மேல் போர்த்த வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் வாலிபர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "மையித்துக்குக் கபன் போதும், கொடி எதற்கு?" என்றார்கள். இன்னொரு தம்பி, "ஆமிக்காரருக்கு என்ன பெரிய மரியாதை?" என்று மெல்லக் கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது.

ஹஸரத் நிதானமாக ஒரு வழி சொன்னார். வீட்டிலிருந்து பள்ளிவாசல் வரைக்கும் கொடி இருக்கட்டும். தொழுகைக்கு முன் எடுத்து மடித்து மூத்த மகனின் கையில் கொடுக்கட்டும். வெடியும் வேண்டாம், பியூகலும் வேண்டாம் என்று ஆமி அப்பாவே பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார். அப்படியே நடந்தது. வந்த சகோதரர்கள் தொழுகை முடியும் வரை செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே வரிசையாக நின்றார்கள். பிறகு அவர்களும் தோள் கொடுத்தார்கள். கபுறுக்கு மண் போட்டார்கள். போகும் முன் ஒருவர் மட்டும் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். வேறு எதுவும் நடக்கவில்லை.

அந்தத் தம்பி கேட்ட கேள்வி மட்டும் எங்கள் மனதில் நின்றுவிட்டது. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் வரலாற்றைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஆமி அப்பா மலாய் வம்சத்தவர். எங்கள் மூத்தவர்கள் "ஜாவா ஆக்கள்" என்று சொல்வார்களே, அவர்கள். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் படைவீரர்களாகவும், நாடுகடத்தப்பட்ட பிரமுகர்களாகவும், கைதிகளாகவும் இங்கே கொண்டுவரப்பட்டவர்களின் பரம்பரை. 1796இல் கொழும்பு ஆங்கிலேயரின் கைக்கு மாறியபோது அந்த மலாய் வீரர்களையும் ஆங்கிலேயர் தங்கள் சேவையில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் படைதான் 1827இல் இலங்கை ரைபிள் படைப்பிரிவு என்று பெயர் பெற்றது. கொழும்பு கொம்பனித்தெருவில் ரைபிள் வீதி, மலாய் வீதி, ஜாவா ஒழுங்கை என்று இன்றும் இருக்கும் பெயர்கள் அந்தக் காலத்தின் அடையாளங்கள்.

1803ஆம் ஆண்டுக்குப் போவோம். ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்து, மேஜர் டேவியின் கீழ் ஒரு படையை அங்கே விட்டுவிட்டுத் திரும்பினார்கள். நோயிலும் பட்டினியிலும் அந்தப் படை தேய்ந்தது. ஜூன் 24ஆம் திகதி கண்டிப் படைகள் தாக்கின, டேவி சரணடைந்தார். திருகோணமலை நோக்கிப் புறப்பட்டவர்கள் வட்டபுளுவையில் பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்க முடியாமல் தடுக்கப்பட்டார்கள். அங்கே ஆங்கிலேயச் சிப்பாய்கள் கொல்லப்பட்டது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். "டேவியின் மரம்" என்று அங்கே நினைவுக்கல்லும் இருக்கிறது.

ஆனால் அந்தப் படையில் பெரும் பங்கு மலாய் முஸ்லிம்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. அவர்களின் தலைவர்களில் ஒருவர் கப்டன் நூர்தீன். அவரும் அவருடைய சகோதரரும் மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் முன் கொண்டுபோகப்பட்டார்கள். என் சேவையில் சேருங்கள், உயிர் பிழைப்பீர்கள் என்றார் மன்னர். ஏற்கெனவே ஒரு அரசருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம், அதை மாற்ற முடியாது என்றார்கள். அரசவை வழக்கப்படி நிலத்தில் விழுந்து வணங்கவும் மறுத்தார்கள். இருவரும் கொல்லப்பட்டார்கள். அவர்களின் உடல்களுக்கு அடக்கம் கிடைக்கவில்லை, காட்டில் வீசப்பட்டன என்று அக்காலத்து ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். குளிப்பாட்டல் இல்லை, கபன் இல்லை, ஜனாஸாத் தொழுகை இல்லை, கபுறும் இல்லை. டேவிக்கு ஒரு மரமும் கல்லும் இருக்கின்றன. நூர்தீனின் பெயர் எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கே ஒரு விடயத்தை மறைக்கக் கூடாது. கண்டி மன்னரின் பக்கத்திலும் மலாய் வீரர்கள் இருந்தார்கள். இரண்டு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் எதிர்த்தவர்கள் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள். ரைபிள் படைப்பிரிவும் எப்போதும் நியாயத்தின் பக்கம் நின்றது என்று சொல்ல முடியாது. 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அந்தப் படையையும் பயன்படுத்தினார்கள். கட்டளை மேலிருந்து வந்தது. துப்பாக்கி எங்கள் ஆட்களின் கையில் இருந்தது. 1840களில் ஹொங்கொங் வரைக்கும் அவர்களை அனுப்பினார்கள். அங்கே காய்ச்சலில் பலர் இறந்தார்கள்.

அவர்களைச் சிப்பாய்களாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். படைமுகாம்களிலேயே மலாய்க் கிதாபுகளைக் கையால் பிரதியெடுத்தார்கள். அரபெழுத்தில் மலாய் எழுதினார்கள். அரபுத்தமிழும் அவர்களுக்குப் பழக்கம். பாபா உனுஸ் சல்தீன் 1869இல் கொழும்பில் "ஆலமத் லங்காபுரி" என்ற மலாய்ப் பத்திரிகையை வெளியிட்டார். மலாய் மொழியின் மிகப் பழைய பத்திரிகைகளில் ஒன்று எங்கள் நாட்டில் வந்திருக்கிறது. இந்த வரலாற்றையெல்லாம் தேடி எழுதியவர் எங்கள் நாட்டுப் பேராசிரியர் பி. ஏ. ஹுசைன்மியா. 1990இல் வந்த "ஓராங் ரெஜிமென்" என்ற அவருடைய நூலை ஆசிரியர்களாவது தேடி வாசிக்க வேண்டும்.

1873இல் ரைபிள் படைப்பிரிவு கலைக்கப்பட்டது. செலவு அதிகம், சேர ஆள் கிடைக்கவில்லை, சண்டையும் இல்லை. வீரர்கள் பொலிஸுக்கும், சிறைச்சாலைக்கும், தீயணைப்புப் படைக்கும், தோட்டங்களுக்கும் பிரிந்து போனார்கள். ஆமி அப்பாவின் பாட்டனாருடைய வாப்பாவும் அப்படி மலையகத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்தான் என்று அவர் சொல்வார். எங்கள் ஊரில் அந்தக் குடும்பம் வேர்விட்டது அப்படித்தான்.

மூன்று வருடத்துக்கு முன் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போயிருந்தோம். மெடல்களைக் காட்டினார். பயிற்சிக் கதைகள் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பிள்ளை, "அப்பா, நீங்க யாரையாவது சுட்டீங்களா?" என்று கேட்டது. 1971 ஏப்ரலில் தான் கடமையில் இருந்ததாக மட்டும் சொன்னார். அது இந்த நாட்டு இளைஞர்கள் ஆயுதம் ஏந்திய, ஆயிரக்கணக்கில் மாண்ட காலம். "அவங்களும் ஒங்கட வயசுப் புள்ளைகள்தான் மகன்" என்றார். பிறகு கதைக்கவில்லை. எழுந்து போய் வுழூ செய்துவிட்டு வந்தார்.

இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். அவரோடு ஒரே முகாமில் இருந்த முஸ்லிம் நண்பர் ஒருவர் 2020இல் கொரோனா என்று மரணித்தார். அப்போது அடக்கம் செய்ய நாட்டில் அனுமதி இல்லை. எரித்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் இந்த நாட்டின் யூனிபோர்ம் போட்டவருக்கு ஆறடி மண் கிடைக்கவில்லை. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து ஆமி அப்பா சுதந்திர தினத்துக்கு மெடல் குத்துவதை நிறுத்திவிட்டார். யாரையும் ஏசவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டினார், அவ்வளவுதான்.

2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஆரம்பித்தார்கள். 3,000க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டார்கள். இராணுவத்தின் மேற்பார்வையில்தான் அந்தப் பணி நடந்தது. "கடைசியா எங்கட ஆமியே மண் போட்டிச்சு" என்று அவர் ஒரு தடவை சொன்னார். அது ஆறுதலா, வேதனையா என்று எங்களுக்கு விளங்கவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தபோது, அந்தப் பத்திரிகைத் துண்டை வெட்டி அதே பெட்டிக்குள் வைத்தார். மெடல் மட்டும் வெளியே வரவில்லை.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். ஆமிக்காரருக்கு என்ன பெரிய மரியாதை?

தம்பி, துப்பாக்கி தூக்கியதற்காக நாங்கள் அவரை மதிக்கவில்லை. எல்லாப் படையும் செய்த எல்லாம் சரி என்றும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். கையில் பட்டதை மறக்காமல் சுமந்தார். நாடு அவரை நோகடித்தபோதும் நாட்டை வெறுக்கவில்லை. 1803இல் நூர்தீனுக்குக் கிடைக்காதது, 2020இல் அவருடைய நண்பருக்குக் கிடைக்காதது, அவருக்குக் கிடைத்தது: மூன்று துண்டுக் கபன், நான்கு தக்பீர், கிப்லாவை நோக்கிய ஒரு கபுறு, தோள் கொடுக்க இரண்டு சமூகத்து மனிதர்கள். இதைவிடப் பெரிய இராணுவ மரியாதை எங்களுக்குத் தெரியாது.

ஒரு வேண்டுகோள். இராணுவம், பொலிஸ், சிறைச்சாலை, தீயணைப்புப் படை என்று சேவை செய்த மூத்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களின் பழைய படங்கள், சேவைப் புத்தகங்கள், கடிதங்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். உயிரோடு இருப்பவர்களிடம் போய் உட்கார்ந்து கதை கேளுங்கள்.

நேற்று அவருடைய மகன் அந்தப் பெட்டியைப் பாடசாலைக்குக் கொண்டுவந்து தந்தார். மெடல்கள், பத்திரிகைத் துண்டு, மடித்த கொடி மூன்றும் உள்ளே இருக்கின்றன. பிள்ளைகள் பார்க்க வைத்திருக்கிறோம்.

அல்லாஹ் அன்னாரின் பிழைகளை மன்னித்து, கபுறை விசாலமாக்கி, ஜன்னதுல் பிர்தௌஸைக் கொடுப்பானாக. ஆமீன்.