சிறுமனையும் ஆணையும்

தமிழக வரலாற்றில் கோயிலும் அரண்மனையும் பெற்ற ஆராய்ச்சியைச் சிறுவீடு பெற்றிலது. மண்ணாலும் மரத்தாலும் புல்லாலும் ஆகியமையின் அது காலத்தை வென்று நின்றிலது. எனினும், இலக்கியத்தையும் கல்வெட்டையும் ஒருங்கு வைத்து நோக்குங்கால், அதன் வடிவை வகுத்தவை இரண்டு என்பது புலனாகும். ஒன்று நிலத்தின் தட்பவெப்பம். மற்றொன்று ஆள்வோர் ஆணை. முன்னதை இலக்கியம் காட்டுகின்றது. பின்னதைக் கல்வெட்டுக் காட்டுகின்றது. இன்று சிறுவீடு ஒன்றை விலைக்குக் கொள்ள முற்படுவோரும் இவ்விரண்டனையே முதற்கண் வினவ வேண்டியிருத்தலின், இவ்வாராய்ச்சி பழமையோடு முடிந்துவிடுவதன்று.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, பாணன் செல்லும் வழியில் உள்ள குடியிருப்புகளை நிலந்தோறும் வேறுபடுத்திக் காட்டுகின்றது. எயினர் குரம்பை ஈந்தின் இலையால் வேயப்பட்டு முள்ளம்பன்றியின் முதுகுபோல் தோன்றுகின்றது. முல்லைநிலத்துச் சீறூரின் கூரை வரகு வைக்கோலால் ஆயது. வலைஞர் குடியிருப்போ வேழக்கோல்களை நிரைத்துத் தருப்பைப்புல் வேய்ந்தது. அந்நிலத்து விளைந்த பொருளே அந்நிலத்து வீடாயிற்று. வலைஞர் குரம்பையின் இறப்பைக் குறியது என்று புலவர் சுட்டுதலும் நோக்கத்தக்கது. தாழ்ந்த கூரை காற்றுக்கு இடங்கொடாது. வெயிலையும் சாரலையும் தடுக்கும். இஃது எளியோர் வறுமையின் அடையாளம் மட்டும் அன்று. வாழ்ந்தறிந்தோரின் கட்டடஅறிவும் ஆகும் என்பது நம் கருத்து.

செல்வர் மனையின் இயல்பு வேறு. சிலப்பதிகாரத்து அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் வேனிற்பள்ளியும் கூதிர்ப்பள்ளியும் தனித்தனியே பேசப்படுகின்றன. வெம்மைக்கு ஓரிடமும் குளிர்க்கு ஓரிடமும் வகுத்துக்கொள்ளும் வாய்ப்புச் செல்வர்க்கு இருந்தது. சிறுவீட்டிலோ ஒரே கூரை இரு பருவத்தையும் தாங்கவேண்டும். ஆதலின், இடம் குறையக் குறையக் கூரைப் பொருளின் தகுதி மிகுதியும் இன்றியமையாததாகின்றது.

இனி ஆணையைப் பற்றிக் காண்போம். வீடு கட்டும் பொருளைத் தெரிந்தெடுக்கும் உரிமை எல்லார்க்கும் ஒருபடித்தாய் இருந்ததன்று. முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், அவ்வூர்க்குரிய உரிமைகளை வரிசைப்படுத்துங்கால், சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்தலையும் கிணறு தோண்டுதலையும் தனித்தனியே குறிக்கின்றன. எவர்க்கும் இயல்பாக உள்ளதொன்றை அரசாணை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனவே, சுட்ட செங்கல் என்பது கட்டடப்பொருள் மட்டும் அன்று, வழங்கப்படும் உரிமையும் ஆம் என்க.

இதனினும் தெளிவான சான்று கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிற் கல்வெட்டாகும். கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டத்தோடு வழங்கும் மன்னன், வெங்காலநாட்டுக் கம்மாளர்க்குச் சில உரிமைகளை அதில் அளிக்கின்றான். நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதுதல், முரசு முதலியன கொட்டுதல், வெளியே செல்லுங்கால் செருப்பு அணிதல் ஆகியவற்றோடு, வீட்டுச் சுவர்க்குச் சாந்து இடுதலும் அவற்றுள் ஒன்று. மண்சுவரை மழை கரைக்காமல் காப்பது சாந்து. அதனைப் பூசும் கைத்திறம் உடைய தொழில்மரபினரே தம் வீட்டுக்கு அதனைப் பூச மன்னனின் ஆணையை எதிர்நோக்கினர் என்பது எண்ணத்தக்கது. தட்பவெப்பத்திற்கு ஏற்றது எது என்பதை அவர் அறியாதவர் அல்லர், ஆணையே இடைநின்றது.

மனை அமைந்த நிலமும் இவ்வாறே வகுக்கப்பட்டது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்களின் விளைநிலத்தைக் கணக்கிடுங்கால் ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவற்றைத் தனித்தனியே கழித்துக் காட்டுகின்றன. வரி நீங்கிய அக்குடியிருப்பு நிலத்திலும் பிரிவு நீங்கிற்றில்லை. நத்தம் என்னும் அச்சொல் இன்றும் கிராம நத்தம் என வருவாய்த்துறை ஆவணங்களில் வழங்குகின்றது.

கூரைவீட்டை வானளாவப் புகழ்ந்து அமைதல் வரலாற்று நெறி ஆகாது. புல்லும் ஓலையும் எளிதில் தீப்பற்றும். 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசையினுள் எரிந்தமை அதற்குக் கொடுஞ்சான்று. தீயிட்டது மாந்தர் கொடுமை. தடுக்க இயலாது நின்றது கூரையின் மென்மை. ஆதலின், 2010இல் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக மாற்றத் தமிழக அரசு வகுத்த திட்டமும், 2024இல் தொடங்கிய 360 சதுரஅடிப் பரப்புள்ள கலைஞரின் கனவு இல்லத் திட்டமும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியில் வைத்து எண்ணத்தக்கன. அன்று உரிமையாய் அளிக்கப்பட்ட நிலைத்த சுவர் இன்று எளியோர்க்கு அரசின் கடமையாயிற்று. இது பெருமாற்றம் என்பதில் ஐயமில்லை.

எனினும் ஒரு குறை எஞ்சுகின்றது. பழைய ஆணை, கட்டுவோன் யாவன் என்று வினவிற்று. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் போன்ற இக்கால விதிகள் பரப்பையும் உயரத்தையும் விடவேண்டிய இடத்தையும் அளக்கின்றன. எந்நிலத்துக்கு எக்கூரை என்று பெரும்பாணாற்றுப்படை காட்டிய வினாவோ பின்தங்கிவிட்டது. நேர்வெயிலில் காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெப்பத்தை உண்டு இரவில் உள்ளே உமிழும். வேனிற்பள்ளி தனியே இல்லாத சிறுவீட்டில் அவ்வெம்மைக்கு ஒதுங்க இடமில்லை.

ஆகவே, சிறுவீட்டின் வரலாற்றை ஆராய்வோர் இலக்கியத்தைத் தனித்தும் கல்வெட்டைத் தனித்தும் நோக்குதல் போதாது. குரம்பையின் குறிய இறப்பையும் கம்மாளர் சுவரின் சாந்தையும் சேர்த்துக் காணும்பொழுதே, நல்வீடு எது என்பதை மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர் என்பதும், அவ்வறிவைச் செயற்படுத்தும் உரிமையே அவர்க்கு அரிதாய் இருந்தது என்பதும் விளங்கும். உரிமை வந்துற்ற இக்காலத்தில் அவ்வறிவை இழந்துவிடலாகாது. வீடு கொள்வோர் நத்தப் பட்டாவைப் படிப்பதோடு தலைக்குமேல் உள்ள கூரையையும் நோக்குவாராக.