ப்ரணய கலகமும் வ்யாஜஸ்துதியும்

சொல் ஒன்றும் கருத்து வேறொன்றுமாக அமையும் வழக்கை ஆலங்காரிகர்கள் நுட்பமாகப் பிரித்துக் காட்டினர். தீங்கிழைத்தவனை உபகாரி என்று வாழ்த்தும் ச்லோகம் ஒன்றைக் காவ்யப்ரகாசத்தில் மம்மடர் எடுத்தாள்கிறார். அங்கு முக்யார்த்தம் பாதிதமாகி, விபரீத லக்ஷணையால் நிந்தை பெறப்படுகிறது. திருவிந்தளூரில் திருமங்கையாழ்வார் வாழ்த்துப்போல் விண்ணப்பித்த ஊடல்மொழியும் இவ்வகையதே. பழிப்பதுபோல் புகழ்வது இதற்கு எதிரான நெறி. வடநூலார் இதனை வ்யாஜஸ்துதி என்பர். தண்டியலங்காரம் புகழாப் புகழ்ச்சி என்னும்.

இவ்விரண்டாவது நெறிக்குத் திருவரங்கத்துப் பங்குனித் திருநாளினும் சிறந்த இலக்கியம் அரிது. ஆயில்யத்தன்று நம்பெருமாள் காவிரியைக் கடந்து, இன்று திருச்சிராப்பள்ளி நகரத்துள் அடங்கிய உறையூருக்கு எழுந்தருளிக் கமலவல்லி நாச்சியாருடன் சேர்த்தி கண்டருளுகிறார். உத்தரத்தன்று பெரிய பிராட்டியார் ஸந்நிதிக்கு எழுந்தருளுங்கால் திருக்கதவம் அடைக்கப்படுகிறது. இருபுறத்தும் கைங்கர்யபரர்கள் நின்று வசனங்களைப் பரிமாறுகின்றனர். பெருமாள் தரப்பில் ப்ரமாணங்கள் பல சொல்லப்படுகின்றன: கடலில் மூழ்குவதாகவும், பாம்புக் குடத்தில் கையிடுவதாகவும். கடலையே இருப்பிடமாகவும் அனந்தனையே படுக்கையாகவும் உடையவருக்கு இவை எங்ஙனம் ப்ரமாணமாகும் என்பதே பிராட்டி தரப்பின் மறுமொழி.

இம்மறுமொழியைச் சிறிது ஆராய்தல் வேண்டும். பொய்த்தால் கேடு வரும் என்னும் அச்சமே சபதத்துக்கு உயிர். அச்சத்துக்கு இடமில்லாதவருடைய சபதம் நம்பத்தக்கதன்று என்பது நிந்தை. அந்நிந்தைக்கு ஹேதுவாக நிற்பதோ க்ஷீராப்தி சாயித்வமும் சேஷசாயித்வமும். இங்கு ஒரு சொல்லும் பொய்யன்று. முக்யார்த்தத்துக்குப் பாதமும் இல்லை. ஆகவே இதனை விபரீத லக்ஷணையோடு சேர்த்து எண்ணுவது பொருந்தாது. குற்றத்தை ஒப்பினால் பரத்வமும் ஒப்பியதாகும். மறுக்கப் புகின் தம் பரத்வத்தையே மறுத்தாக வேண்டும். ஸர்வஜ்ஞனுக்கும் விடை இல்லாத வாதம் இது! பிணக்கைத் தீர்க்க நம்மாழ்வார் எழுந்தருள நேர்வதும் இதனாலேயே.

இதனை மானிடப் பொறாமையின் அனுகாரம் என்று சிலர் எளிதாகக் கருதுவதுண்டு. புருஷகாரத்வத்தை நோக்காத கருத்து அது. பிராட்டி ஈச்வரனையும் சேதனனையும் முதலில் உபதேசத்தாலே திருத்துகிறாள் என்கிறது ஸ்ரீவசனபூஷணம். ஈச்வரனை எதிர்நின்று உரைக்கும் அதிகாரம் அவளுக்கு உண்டென்பதைக் காணக்கூடியதாக்குவது இக்கலகம். இத்தனை நயமாகக் குற்றம் காட்ட வல்லவளே, சேதனனுடைய குற்றங்களைக் காட்டாது மறைப்பவளும் ஆகிறாள்.

கதவம் திறந்து உத்தரச் சேர்த்தி நிகழ்கிறது. எம்பெருமானார் (1017–1137) கத்யத்தை விண்ணப்பித்தருளியது இச்சேர்த்தியிலே என்பது ஸம்ப்ரதாயம். அச்சரணாகதி கத்யம் பெருமாளைப் பற்றுமுன் பிராட்டியையே சரணம் பற்றித் தொடங்குகிறது.