மரத் தகட்டில் ஒரு கோட்டையின் கணக்கு

கோட்டை என்றதும் மதிலும் அகழியும் காவலருமே நம் மனக்கண்ணில் தோன்றுவர். அதனுள்ளே சப்பாத்துத் தைத்தவன் யார், சூளைக்கு மண் சுமந்தவன் யார் என்பதை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அரசர் பெயரும் போர் நடந்த ஆண்டும் அவற்றுக்குப் போதும்.

இக்குறையை ஓரளவு தீர்த்து வைத்தது வட இங்கிலாந்திலுள்ள விந்தோலாந்தா என்னும் ரோமக் கோட்டை. 1973ஆம் ஆண்டு தொல்லியலாளர் ரொபின் பேர்லி அங்கே அகழ்ந்தபோது, ஈர மண்ணுக்குள்ளிருந்து மெல்லிய மரத் தகடுகள் வெளிவந்தன. தபாலட்டை அளவினவான அவற்றில் மையால் எழுதியிருந்தார்கள். காலம் கி.பி. 100ஐ ஒட்டியது. ஓலைச் சுவடிகளை அறிந்த நமக்கு இவை அந்நியமாகத் தோன்றா.

ஒரு தகட்டிலே, ஏப்ரல் 25ஆந் திகதி பட்டறை வேலைகளில் இருந்தோர் 343 பேர் என்றிருக்கிறது. சப்பாத்துத் தைப்போர் 12 பேர். குளிப்பு மண்டபத்துக்குப் போன கட்டட வேலைக்காரர் 18 பேர். ஈயத்துக்கு, களிமண்ணுக்கு, சூளைக்கு, சுதை பூசுவதற்கு என்று ஏனையோரும் பிரிக்கப்பட்டுள்ளனர். இவர்கள் பெரும்பாலும் படைவீரர்களே என்பது அறிஞர் கருத்து. வாளேந்திய கைதான் ஊசியும் பிடித்தது.

இன்னொரு தகடு துங்கிரியர் படைப்பிரிவின் ஆட்கணக்கு. மே 18ஆந் திகதிக்குரியது. பெயர்ப்பதிவில் 752 பேர். கோட்டைக்கு வெளியே 456 பேர்! ஆளுநரின் காவலுக்கு 46 பேர், இன்று கோர்பிரிட்ஜ் எனப்படும் கோரியாவில் 337 பேர் என்று பல இடங்களிலும் சிதறிக் கிடந்தனர். நூற்றுவர் தலைவர் அறுவரில் ஐவர் வெளியே. அவர்களில் ஒருவர் லண்டனில். உள்ளேயிருந்த 296 பேரையும் மேய்க்க எஞ்சியவர் ஒரேயொருவர். அந்த 296 பேரிலும் நோயாளர் 15, காயம்பட்டோர் 6, கண்நோய் கண்டோர் 10. எல்லைக் கோட்டையிலே வாள்வெட்டை விடக் கண்நோய்க்கே கூடுதலானோர் படுத்திருந்தனர் என்பதை எந்த வீரகாவியம் பாடும்?

உணவும் தோலும் வந்து சேர்வது தனிக் கதை. ஒக்டேவியஸ் என்பவர் கந்திதஸுக்கு எழுதுகிறார்: ஏறத்தாழ 5,000 மரக்கால் தானியம் வாங்கியாயிற்று, குறைந்தது 500 தெனாரியஸ் காசாவது அனுப்பாவிட்டால் முற்பணமாகக் கொடுத்த 300உம் போய்விடும், தமக்கும் தலைகுனிவு. தோல்கள் கற்றரிக்கில் கிடக்கின்றன. பாதை மோசம், விலங்குகளை வருத்த மனமில்லை. பேரரசின் எல்லைக் காவல் ஒரு வண்டிப் பாதையை நம்பியிருந்தது.

வெளியே தங்கியிருந்த மஸ்குலஸ் என்னும் குதிரைப்படைத் தலைவன் தளபதி செரியாலிஸிடம், நாளை எல்லோரும் திரும்பி வருவதா, பாதிப் பேர் மட்டும் வருவதா என்று பணிவாகக் கட்டளை கேட்கிறான். கட்டளை கேட்டு முடித்ததும் கடைசியில் இன்னொரு விண்ணப்பம்: தோழர்களிடம் பியர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள்.