ஊர் மாறியும் பெயர் மாறாத கழகம்

எங்கள் ஊர்ச் சங்கத்தின் பெயரை இனியும் வைத்திருக்க வேண்டுமா என்று குறொன்லாண்டில் தேநீர் குடித்தபடி ஒரு நண்பர் கேட்டார். எனக்கு 'ரொறொன்ரோ றொக்' ஞாபகம் வந்தது.

அது கனடாவின் தொழில்முறை லக்ரோஸ் கழகம். நுனியில் வலை கட்டிய தடியால் பந்தை ஏந்தி எறியும் ஆட்டம் லக்ரோஸ். ஐரோப்பியர் வருமுன்னரே வட அமெரிக்கப் பழங்குடிகள் ஆடியது. 1994இல் கனடாவின் தேசிய கோடைகால விளையாட்டு எனச் சட்டமாகியது.

கழகம் பிறந்தது ரொறொன்ரோவில் அல்ல. 1998இல் ஹமில்ரன் நகரில், 'ஒன்ராறியோ றெய்டர்ஸ்' என்ற பெயரில். ஒரே பருவத்துடன் விற்கப்பட்டு, ரொறொன்ரோ போய்ப் புதுப்பெயர் பெற்றது. மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் ஆடிய 1999, 2000 இரண்டிலும் கிண்ணம் வென்றது. பின்னர் 2002, 2003, 2005, 2011. மொத்தம் ஆறு.

2021இல் மீண்டும் ஹமில்ரனுக்கே இடம்பெயர்ந்தது. ஆனால் 'ரொறொன்ரோ' என்ற பெயரைக் கைவிடவில்லை.

ஏன்? கணக்காளனாகச் சொல்கிறேன். அரங்கு வாடகை அந்தந்த ஆண்டோடு கழியும் செலவு. பெயரின் நன்மதிப்போ சேர்ந்துகொண்டே போகும் சொத்து. முதற்பெயரில் இருந்தது ஒரு பருவம், சுலபமாக எறிந்தார்கள். இரண்டாவதில் இருபது வருடங்களும் ஆறு கிண்ணங்களும் இருந்தன.

நண்பருக்கும் இதைத்தான் சொன்னேன். ஊர்ப்பெயரைப் பழைய நினைவு மட்டும் காப்பாற்றாது. ஒஸ்லோவில் பிறந்த பிள்ளைகள் அந்தப் பெயரில் ஆடி, வென்று, தங்கள் வரவையும் எழுதவேண்டும். அதற்கு நாங்கள் இடம் விடுகிறோமா?