பொம்மைக்குள் புகுந்தது யார்?

2019 ஜூன் 21 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் இரண்டு பொம்மைப் படங்கள் ஒரே நாளில் வெளியாயின. ஒன்று 'டாய் ஸ்டோரி'யின் நான்காம் பாகம். மற்றொன்று, 1988இல் வந்த 'சைல்ட்ஸ் ப்ளே' என்னும் திகில் படத்தின் மறு உருவாக்கம். பின்னதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் நின்றுவிட்டது: ஆவி புகாத சக்கி சக்கியாகுமா? எனக்கு வேறொரு கேள்வி முதன்மையாகத் தோன்றுகிறது. இவ்விரு படங்களும் தீமையின் பிறப்பிடமாக யாரைச் சுட்டுகின்றன?

டாம் ஹாலந்து இயக்கிய மூலப் படத்தில், சிகாகோவில் காவலரின் குண்டடிபட்ட தொடர்கொலையாளி ஒருவன் வூடூ மந்திரம் ஓதித் தன் உயிரை ஒரு பொம்மைக்குள் செலுத்துகிறான். ஆனால் டான் மான்சினி முதலில் எழுதிய திரைக்கதையில் கொலையாளியும் இல்லை, மந்திரமும் இல்லை. பொம்மையின் உடலில் செயற்கைக் குருதி ஓடும். சிறுவன் தன் குருதியை அதனுடன் கலப்பான். அவன் அடக்கிவைத்த சினமே பொம்மையில் உயிர்பெறும். மான்சினியின் இலக்கு, குழந்தைகளைக் குறிவைத்த விளம்பரச் சந்தை.

அந்த இலக்குக்குக் காலப் பின்புலம் உண்டு. 1983 கிறிஸ்துமஸ் காலத்தில் 'கேபேஜ் பேட்ச்' பொம்மைகளுக்காகப் பெற்றோர் கடைகளில் முட்டிமோதினர். 1984இல் தொலைக்காட்சி விளம்பர நேரத்துக்கான வரம்புகளை அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் தளர்த்தியது. பொம்மையை விற்பதற்கென்றே கேலிச்சித்திரத் தொடர்கள் பெருகின. படத்தில் தாய் பல்பொருள் அங்காடியின் விற்பனைப் பெண். மகன் கேட்கும் பொம்மையை வாங்க வசதியின்றிச் சந்தில் திரியும் ஒருவனிடம் குறைந்த விலைக்கு வாங்குகிறாள். வூடூ வந்து சேர்ந்ததும் இந்தச் சமூகச் சித்திரம் பின்னுக்குப் போய்விட்டது. மந்திரத்தைக் கற்பித்தவர் ஒரு கறுப்பினத்தவர் என்பதைத் திறனாய்வுகள் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

(இந்தியத் திரையுலகம் எடுத்துக்கொண்டதும் ஆவியைத்தான். தமிழில் 1991இல் வந்த 'வா அருகில் வா', இந்தியில் 1996இல் வந்த 'பாப்பி குடியா' ஆகியவற்றைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சந்தை நமக்கு அப்போது திகிலூட்டும் பொருளாக இருக்கவில்லை போலும்.)

லார்ஸ் கிளெவ்பெர்க் இயக்கிய 2019ஆம் ஆண்டுப் படம் ஆவியை நீக்கிவிட்டு, இணையத்துடன் இணைந்த பொம்மையை முன்வைக்கிறது. 'கேஸ்லன்' என்னும் கற்பனை நிறுவனத்தின் அந்தப் பொம்மை வீட்டுக் கருவிகள் அனைத்தையும் இயக்கவல்லது. இது வெறுங்கற்பனையன்று. 2017 பிப்ரவரியில் ஜெர்மனியின் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று அமைப்பு 'மை ஃப்ரெண்ட் கேய்லா' என்னும் பேசும் பொம்மையை மறைமுக ஒற்றுக்கருவி என வகைப்படுத்தித் தடைசெய்திருந்தது. சிறுவர்கள் ஒரு கொலைப் படத்தைப் பார்த்துச் சிரிக்க, அச்சிரிப்பைக் கண்ட பொம்மை கத்தியைக் கையிலெடுக்கும் காட்சி, என் மதிப்பீட்டில், மூலப் படத்தின் எந்தக் காட்சியையும்விடக் கூர்மையானது. மான்சினி இம்மறு உருவாக்கத்தை ஏற்கவில்லை. எனினும் அவர் முதலில் எழுத விழைந்த பொருளுக்கு இதுவே நெருங்கி வருகிறது என்பது வரலாற்றின் குறும்பு.

ஆயினும் தொடக்கக் காட்சியை மறந்துவிட முடியாது. வியட்நாமில் ஒரு தொழிற்சாலை. மேற்பார்வையாளரால் இழிவுபடுத்தப்பட்டு வேலையிழந்த தொழிலாளி, கடைசியாகத் தன் கையிலிருக்கும் பொம்மையின் பாதுகாப்பு வரம்புகள் அனைத்தையும் நீக்குகிறான். பின்னர் மாடியிலிருந்து குதித்து உயிர்விடுகிறான். உலகப் பொம்மை வணிகத்தின் மறைந்த உழைப்பை ஒரு வணிகத் திகில் படம் முதல் நிமிடங்களிலேயே காட்டுவது அரிது. ஆனால் அதே காட்சிதான் நிறுவனத்துக்குத் தப்பிக்கும் வழியையும் தருகிறது. குழந்தையின் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுப் பதியும் பொம்மையை வடிவமைத்தது குற்றமாகவில்லை. வரம்புகளை நீக்கிய ஆசியத் தொழிலாளியின் கை குற்றமாகிறது. 1988இல் வூடூ கற்பித்தவர் நின்ற இடத்தில் 2019இல் இவன் நிற்கிறான். மந்திரம் நிரலாக மாறியபோதும், தீமை வெள்ளையரல்லாத ஒருவரிடமிருந்தே அமெரிக்க வீட்டுக்குள் நுழைகிறது.

கொலைகள் முடிந்தபின் கேஸ்லன் நிறுவனத் தலைவர் அறிக்கை வெளியிடுகிறார். பொம்மைகள் திரும்பப் பெறப்படுகின்றன. கிடங்கில் அடுக்கப்பட்ட பெட்டியொன்றில் ஒரு பொம்மையின் கண்கள் சிவப்பாக ஒளிர்கின்றன. அந்தத் தொழிலாளியிடம் படம் திரும்புவதேயில்லை.