கும்பல் பெரஹராவும் குழந்தைகளும்



விழா நாளில் ஊர் முழுவதும் வீதிக்கு வந்துவிடும் என்பது வழக்கு. ஆயினும் அத்தகைய நாளிலுங்கூடச் சில வீடுகளின் கதவுகள் சாத்தியே கிடக்கின்றன. பேரொலி கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளை, கூட்டத்தைக் கண்டால் நிலைகுலையும் பிள்ளை, நடக்க இயலாத பிள்ளை ஆகியோர் உள்ள வீடுகள் அவை. தந்தை மற்றப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல, தாய் அந்த ஒரு பிள்ளையுடன் வீட்டில் தங்குவாள். அடுத்த ஆண்டு முறை மாறும். குடும்பம் முழுவதும் ஒன்றாக நின்று விழாக் காண்பது அவ்வீடுகளில் அரிதினும் அரிது. இந்நிலைக்கு மாற்றுண்டா என்று வினவுவோர்க்குக் கண்டிப் பெரஹராவின் வரலாற்றிலேயே ஒரு விடை கிடைக்கின்றது. அதனையே இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

எசல மாதத்துப் பெரஹரா இன்று தலதா மாளிகையின் விழாவாக உலகப் புகழ் பெற்று விளங்குகின்றது. ஆனால் ஆதியில் அது நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகியோரின் தேவாலயங்கள் நான்கும் சேர்ந்து எடுத்த விழாவாகவே இருந்தது. 1753ஆம் ஆண்டிலே சீய தேசத்திலிருந்து உபாலி தேரரும் அவருடன் பிக்குகள் சிலரும் கண்டிக்கு வந்தனர். அதன் பின்னர், நாயக்கர் மரபினனான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்க மன்னன் காலத்தில், 1775ஆம் ஆண்டு முதலாகத் தந்ததாதுவும் ஊர்வலத்தில் சேர்ந்து முதலிடம் பெற்றது.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இருந்த பெரஹராவை நமக்குக் காட்டுபவர் இராபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660ஆம் ஆண்டு முதல் 1679ஆம் ஆண்டு வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த இவர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், யானைகளின் பின்னே பூதாகாரமான வேடம் புனைந்தோர் ஆடிச் சென்றதைக் குறிப்பிடுகின்றார். முற்காலத்தில் மரங்களை வேரோடு பிடுங்கவல்ல பேருருவ மனிதர் வாழ்ந்தனர் என்ற நம்பிக்கையே அவ்வேடத்துக்குக் காரணமாம்.

அச்சந்தரும் வேடம் புனைந்து அதனையே களிப்பாக்கிக் கொள்ளும் வழக்கம் உலகெங்கும் உண்டு. மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்துக் காமன் கூத்திலே, தப்பு முழங்க, வீரபத்திரன் வேடம் நள்ளிரவில் ஆடி வருவதை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். மேல்நாட்டிலோ ஒக்டோபர் 31ஆம் நாள் இரவை ஹாலோவீன் என்பர். நவம்பர் முதல் நாள் வரும் சகல புனிதர் திருநாளின் முன்னிரவு என்பதே அப்பெயரின் பொருள். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் அந்நாளில் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றினர். அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியோர் கிழங்குக்குப் பதிலாகப் பூசணிக்காயைக் கொண்டனர். பிள்ளைகள் பேய் வேடம் பூண்டு வீடு வீடாகச் சென்று இனிப்புக் கேட்பது வழக்கமாயிற்று. ஆனால் வாய் திறந்து கேட்க இயலாத பிள்ளையும், முகமூடி உடலில் பட்டாலே துடிக்கும் பிள்ளையும் அங்கும் உண்டல்லவா? பெற்றோர் அதற்கும் வழி தேடினர். இனிப்பு ஒவ்வாத பிள்ளைகளுக்காக, சிறு விளையாட்டுப் பொருள் வழங்கும் வீடுகள் நீலப்பச்சை நிறப் பூசணியை வாயிலில் வைக்கும் இயக்கம் 2014ஆம் ஆண்டு அமெரிக்க நாடெங்கும் பரவியது. பிள்ளையின் அளவுக்கு விழாவைத் திருத்திக்கொண்ட முயற்சி இது.

இத்தகைய ஏற்பாடு கண்டிக்குப் புதிதன்று. பெரஹரா ஒரே நாளில் பொங்கி எழும் விழாவன்று. முதலில் தேவாலயங்களில் கப் நடுவர். அதன்பின் ஐந்து நாள் தேவாலய வளவுக்குள்ளேயே சிறிய ஊர்வலம் நடைபெறும். அடுத்த ஐந்து இரவுகள் வீதியில் கும்பல் பெரஹரா. இறுதி ஐந்து இரவுகளே பொற்பல்லக்குகள் செல்லும் ரந்தோலிப் பெரஹரா. இரவுக்கு இரவு யானைகளும் ஆட்டக்காரரும் மிகுந்துகொண்டே போவர். கும்பல் என்ற சொல் தமிழ்ச் செவிக்குப் பெருங்கூட்டம் என்று ஒலிக்கலாம். உண்மையிலோ கூட்டம் குறைந்த இரவுகள் அவையே.

அந்தக் கும்பல் பெரஹராவுக்கும் குழந்தைகளுக்கும் பழைய உறவொன்று உண்டு. தாய்மார் தம் கைக்குழந்தைகளை அவ்விரவுகளில் எடுத்து வந்து ஊர்வலத்தைக் காட்டுவர். தீய பார்வையும் பீடையும் அதனால் விலகும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஊரின் தலையாய விழாவில் முதலில் இடம் பெற்றவர்கள் இடுப்பிலே இருந்த குழந்தைகள்!

அந்நம்பிக்கையை நாம் அப்படியே ஏற்கவேண்டுவதில்லை. நோயும் ஊனமும் பேயின் செயல் என்ற எண்ணம் அக்காலத்தில் இந்நாடெங்கும் வேரூன்றியிருந்தது. தென்னிலங்கையின் சன்னி யகுமச் சடங்கிலே பதினெட்டு முகமூடிகள் உண்டு. அவற்றுள் குருட்டுக்கு ஒன்று, செவிட்டுக்கு ஒன்று, ஊமைக்கு ஒன்று, முடத்துக்கு ஒன்று. ஆனால் 1912ஆம் ஆண்டிலேயே மேரி சாப்மன் அம்மையார் செவிப்புலனும் கட்புலனும் இழந்த பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையைத் தொடங்கினார். இரத்மலானையில் புகழ்பெற்று விளங்கும் பாடசாலைகளுக்கு அதுவே மூலம். பேயோட்டுவதை விடுத்துப் பாடஞ்சொல்லும் காலம் அவ்வாறு பிறந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க எழுந்தது. அவர்தம் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. பண்பாட்டு வாழ்விலே பங்குபெறும் உரிமையும் அச்சமவாயத்தில் அடங்கும்.

ஆகவே, பழைய நம்பிக்கையைக் கைவிட்டாலும் பழைய ஏற்பாட்டைக் கைவிடலாகாது. சிறியதிலிருந்து தொடங்கு என்பதே அந்த ஏற்பாடு. 1943ஆம் ஆண்டு லியோ கானர் என்னும் மருத்துவர், இன்று ஓட்டிசம் என நாம் அழைக்கும் இயல்புடைய பிள்ளைகளை விரிவாக வருணித்தார். பேரொலி அவர்களுக்குப் பெருந்திகில் தருவதையும், எல்லாம் எப்போதும் ஒரே ஒழுங்கில் நிகழவேண்டும் என்று அவர்கள் விரும்புவதையும் அவர் எடுத்துக் காட்டினார். முதலாவது இயல்பு பெரஹராவுக்குப் பகைபோலத் தோன்றும். இரண்டாவது இயல்போ அதற்கு உறவாகும்; ஏனெனில் பெரஹராவைப்போல் ஒழுங்கு மாறாத விழா வேறெங்கும் காண்பது அரிது.

முன்னே சவுக்கடிப்போர், பின்னே தீப்பந்தஞ் சுழற்றுவோர், அப்பால் கொடி பிடிப்போர், அதற்கும் அப்பால் முதல் யானையின்மீது ஏடு தாங்கிய பெரமுனே இராளை. தலதா மாளிகையின் பெருங்களிறு சென்றபின் நாத தேவாலயம், விஷ்ணு தேவாலயம், காவடி ஆடிவரும் கதிர்காமத் தேவாலயம், பெண்கள் ஆடிவரும் பத்தினித் தேவாலயம் என்று முறை பிறழாது வரும். இவ்வரிசையைப் படமாக வரைந்து, உறங்குமுன் நாள்தோறும் ஒருமுறை காட்டினால், வீதியில் நிற்கும் பிள்ளைக்கு அடுத்து வருவது யாதெனத் தெரிந்திருக்கும். தெரிந்தது அச்சத்தைக் குறைக்கும். காதைத் துளைக்கும் சவுக்கொலி ஊர்வலத்தின் முகப்பிலேயே வருவதால், அது கடந்து செல்லும்வரை சற்று விலகி நிற்கவும், காதுகளைப் பஞ்சினாலோ காதுறையினாலோ மூடவும் அவகாசமுண்டு.

கொழுந்து பறித்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் தாய்க்கும், கடையடைத்துப் பேருந்துக்கு ஓடும் தந்தைக்கும் எல்லா இரவுகளும் கைவசமில்லை. அவர்களுக்கு ஒரே இரவு போதும். அது கும்பல் பெரஹராவின் முதலிரவாக அமையட்டும். தலதா வீதியின் நெரிசலை விடுத்து, உடனே வெளியேறக்கூடிய தெருமுனையொன்றைப் பகலிலேயே பார்த்து வைத்தல் நன்று. அரைமணி நேரம் கண்டு பிள்ளை போதுமென்றால் திரும்பிவிடலாம், அது தோல்வியன்று. இருளும் தீப்பந்தமும் ஒவ்வாத பிள்ளைக்குப் பகற்பெரஹரா இருக்கின்றது. கெட்டம்பேயில் மகாவலி கங்கையிலே நீர்வெட்டு நிகழ்ந்தபின் இறுதி நாளில் வெயிலொளியிலேயே வரும் ஊர்வலம் அது.

இன்னொரு கடமை பெற்றோருடையதன்று, ஊராருடையது. கூட்டத்திலே ஒரு பிள்ளை அலறினால், திரும்பி முறைப்பதும் வளர்ப்பைக் குறைகூறுவதும் நாம் செய்யும் பிழைகள். அத்தாய் அடுத்த ஆண்டு வீட்டிலேயே தங்கிவிடுவதற்கு நமது அந்த ஒரு பார்வையே போதும். அவ்வாறன்றி, இரண்டடி விலகி வழிவிடுவோமாயின், கைக்குழந்தைகளுக்கு முதலிடம் கொடுத்த பழைய கண்டியின் பண்பை நாமும் காத்தவராவோம்.

அடுத்த எசல மாதத்தில் முதற் சவுக்கொலி கேட்கும்போது, உங்கள் அயலில் எந்த வீட்டின் கதவு சாத்தியிருக்கின்றது என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். அக்கதவைத் தட்டி, "வாருங்கள், நாங்களும் உடன் வருகின்றோம்" என்று அழையுங்கள்.